பலகையார் எழுந்தருளிய படலம்

திருச்சி உறையூரில் எங்கள் தாத்தா 1958-ல் கட்டிய வீட்டின் கூடத்தில், மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு நன்னாளில் எழுந்தருளி, அன்றுமுதல் எங்கள் அனைவரின் பாதங்களையும் தம் திருமேனியில் தாங்கிவரும் மாட்சிமை பொருந்திய வினைல் பலகையாரின் பெருமையை எழுதும் தகுதி எனக்கு உண்டா என்று பலநாள் தயங்கினேன். மெய்க்கீர்த்தி பாடும் புலவர்கள் இருந்த காலத்தில் இவர் பிறக்கவில்லை. இவர் பிறந்த காலத்தில் அப்புலவர்கள் இல்லை. ஆகவே வீட்டுக்கடன் தவணையோடு இவருக்கும் சேர்த்துத் தவணை கட்டிய உரிமை ஒன்றையே தகுதியாகக் கொண்டு தொடங்குகிறேன்.

முதலில் திருநாமம். லக்ஷரி வினைல் பிளாங்க். பிறர் புகழட்டும் என்று காத்திருப்பது சிறியோர் வழக்கம். தேக்கு தன்னைச் சொகுசுத் தேக்கு என்று ஒருநாளும் சொல்லிக்கொண்டதில்லை. கருங்கல்லுக்கும் அந்தச் சாமர்த்தியம் போதாது. பலகையாரோ சொகுசு முழுவதையும் பெயரிலேயே வைத்துவிட்டார். வேறெங்கும் அதைத் தேடும் சிரமம் வாங்கியவருக்கு இல்லை.

குலம் கோத்திரம் சொல்லாமல் புகழ்வது மரபன்று. தந்தை வழியில் உப்பு, தாய் வழியில் பூமிக்கடியிலிருந்து எடுத்த எண்ணெய். கலப்பில்லாத பி.வி.சி.யின் எடையில் 57 விழுக்காடு உப்பிலிருந்து பிரித்தெடுத்த குளோரின்தான். அதனால் பலகையாரை மிதிக்கும்போதெல்லாம் எங்கள் வீட்டில் உப்பிட்டவரை நினைத்துக்கொள்கிறோம். 1872-ல் யூஜென் பௌமன் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் வினைல் குளோரைடைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து வெயிலில் வைக்க, உள்ளே வெள்ளையாக ஒன்று கட்டிநின்றது. அதை வைத்து என்ன செய்வதென்று அரை நூற்றாண்டுக்கு ஒருவருக்கும் தெரியவில்லை. எதற்கும் பயன்படாமல் இருப்பதிலும் ஒரு கம்பீரம் உண்டென்று குலமுதல்வர் அப்போதே காட்டிவிட்டார். 1926-ல் வால்டோ சீமன் என்ற அமெரிக்கர், ரப்பரை உலோகத்தோடு ஒட்டும் பசை தேடப்போய் இதைக் கரைப்பானில் இட்டுக் காய்ச்சினார். ஒட்டவில்லை, வளைந்தது. ஒட்டாமலும் வளைந்துகொடுத்தும் வாழும் வித்தை கைவந்தபின் ஏற்றத்துக்கு என்ன குறை? 1933 சிகாகோ உலகக் கண்காட்சியில் வினைல் குலம் தரை ஓடாக ஊருக்கே தரிசனம் தந்தது.

பெரியோரின் பால லீலைகளையும் பாட வேண்டும். பலகை ஆவதற்கு முன், வினைல் குளோரைடு என்னும் வாயுப் பருவத்தில் அவர் செய்த திருவிளையாடல்கள் கொஞ்சமல்ல. மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று ஐயமற உறுதியான பொருள்களுக்காகப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை ஒதுக்கியிருக்கும் முதல் வரிசையில், அந்தப் பிஞ்சுப் பருவத்திலேயே ஆசனம் பெற்றவர். 2023 பிப்ரவரி 3-ஆம் நாள் இரவு, ஓஹியோ மாநிலத்தின் ஈஸ்ட் பாலஸ்டைன் என்னும் சிற்றூரில் சரக்கு ரயில் தடம்புரண்டபோது ஐந்து டாங்கர்களில் அவர் பயணம் செய்துகொண்டிருந்தார். 6-ஆம் நாள் அவரை வேண்டுமென்றே திறந்துவிட்டுக் கொளுத்தினார்கள். அக்கம்பக்கத்து மக்களை முன்கூட்டியே வெளியேற்றிவிட்டதால், எழுந்த கரும்புகையை அவர்கள் தூரத்திலிருந்து கண்டுகளிக்க முடிந்தது. அப்படிக் கொளுத்தியிருக்கவே தேவையில்லை என்று பிற்பாடு விசாரணை சொன்னது. தேவையே இல்லாத இடத்திலும் வந்து அருள்வது அவர் குலப்பண்பு. எங்கள் கூடத்துக்கு வந்ததும் அப்படித்தான்.

வரன் பார்க்கப் போவதுபோல்தான் நான், மனைவி, மைத்துனர் மூவரும் கடைக்குப் போனோம். கடைக்காரர் முழநீள மாதிரித் துண்டுகளை ஜாதகக் கட்டைப் பிரிப்பதுபோல் மேசைமேல் பரப்பினார். நார்டிக் ஓக், கிரே ஓக், அமெரிக்கன் வால்நட் என்று சீமை மரங்கள் வரிசையாக அமர்ந்திருந்தன. வேம்பு, புளி, பூவரசு என்று எங்கள் தெருவில் நிழல் தந்த ஒருவரும் அந்தச் சபையில் இல்லை. நிழல் தரும் நாகரிகமற்ற பழக்கம் உள்ளவர்களை உள்ளே விடமாட்டார்கள் போலும்.

பலகையார் மரமல்லர், மரத்தின் புகைப்படம். அடியில் நுரைத்தாள், நடுவில் சுண்ணாம்புக்கல் பொடியும் பி.வி.சி.யும் பிசைந்த நெஞ்சு. அதன்மேல் மரத்தின் முகத்தை அச்சிட்ட படலம். அதற்கும் மேல் கண்ணாடிபோல் ஒரு கவசம். கல் நெஞ்சும் மர முகமும் ஒருவரிடத்திலேயே கூடிவருவது அரசியலில்கூட அபூர்வம்.

“வேர் லேயர் பன்னெண்டு மில் சார்” என்றார் கடைக்காரர். மைத்துனர் காதில் அது பன்னிரண்டு மில்லிமீட்டர் என்று விழுந்து, அரை அங்குலக் கவசமா என்று வாயைப் பிளந்தார். கடைக்காரர் திருத்தவில்லை. வாடிக்கையாளரை மறுத்துப் பேசாத பண்பாளர். மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பன்னிரண்டு மில் என்றால் 0.3 மில்லிமீட்டர், நோட்டுப் புத்தகத் தாளை மூன்று நான்கு அடுக்கினால் வரும் கனம். கர்ணனின் கவசத்தைப் பெற இந்திரனே கிழவேடம் பூண்டு யாசிக்க வேண்டியிருந்தது. பலகையாரின் கவசத்தை ஒரு நாற்காலிக் கால் கேட்டாலும் கொடுத்துவிடுவார். இருபது மில் கவசம் உடையவரும் இருந்தார். ஆனால் கொடையில் இவருக்கு ஒரு படி கீழ்தானே என்று விட்டுவிட்டோம். சதுர அடிக்கு முப்பது ரூபாய் வித்தியாசம் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

பிறகு கடைக்காரர் மாதிரித் துண்டின்மேல் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினார். சாவியால் கீறினார். துடைத்துவிட்டு, “பாத்தீங்களா மேடம், ஒண்ணுமே ஆகல” என்றார். மனைவி தலையசைத்தாள். எங்கள் வீட்டுத் தரை ஒரு முழ நீளமாக மேசைமேல் கிடக்குமானால் அவர் சொன்னது இன்றுவரை உண்மை.

இவருக்கு முன் கூடத்தை ஆண்ட பழைய தரையின் இழிவுகளையும் சொன்னால்தான் இவர் உயர்வு விளங்கும். அது சிவப்பு ஆக்சைடு தரை. சிமென்ட்டில் காவிப்பொடி கலந்து, ஈரம் இறங்குவதற்குள் கொத்தனார் குந்தி உட்கார்ந்து கரணையால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் எங்களிடம் அது கேட்டதெல்லாம் எப்போதாவது ஒரு கரண்டித் தேங்காய் எண்ணெய். இவ்வளவு குறைவாகக் கேட்பவரை உலகம் எப்படி மதிக்கும்? மிதிக்க மிதிக்கத் தேயாமல் பளபளப்பது என்ற வெட்கங்கெட்ட குணம் வேறு. சித்திரை மதியத்தில் வெற்றுடம்போடு படுத்தால் முதுகில் குளிர் ஏறும். மின்விசிறி நின்றாலும் எழுந்திருக்கத் தோன்றாது. எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகச் சோம்பல் வளர்ந்ததற்கு அந்தத் தரைதான் காரணம் என்று மைத்துனர் கண்டுபிடித்துச் சொன்னார்.

அதன் குற்றங்களில் இரண்டு மன்னிக்கவே முடியாதவை. ஒன்று, ஜன்னலோரத்தில் பாட்டி ஆணியால் கீறி வைத்த தாயக்கட்டம். ஐந்துக்கு ஐந்து, மலைக் கட்டங்களில் பெருக்கல் குறி. வெட்டுப்பட்ட புளியங்கொட்டைகளின் சோகமெல்லாம் அந்தக் கோடுகளில் அழுக்காக அப்பியிருந்தது. இரண்டு, வாட்டம். தாத்தா காலத்துக் கொத்தனார் கூடத்தைக் கண்ணுக்குத் தெரியாத அளவு சாய்த்துவிட்டார். ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்தால் யாரும் தள்ளாமலே அது பின்கட்டுத் தூம்பைத் தேடி ஓடும். ரசமட்டம் வைத்துப் பார்த்த பலகை வேலைக்காரத் தம்பி, “தரை கோணலா இருக்கு சார்” என்றார். தாத்தாவின் காலத்தில் கோணல் என்பதையும் வாட்டம் என்பதையும் பிரித்தறியும் கல்வி பரவியிருக்கவில்லை.

பெட்டிகள் வந்து இறங்கின. உடனே கை வைக்கக்கூடாது; 48 மணி நேரம் கூடத்திலேயே படுத்திருந்து எங்கள் வீட்டுக் காற்றைப் பழகிக்கொள்வார். மறுவீடு வந்த மாப்பிள்ளையின் மிடுக்கு. நாங்கள் அந்த இரண்டு நாளும் அடுக்களை வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பத்தடிக்குள் 5 மில்லிமீட்டருக்கு மேல் மேடுபள்ளம் இருந்தால் அவர் திருமேனி நோகும். ஆகவே தானே மட்டம் பிடிக்கும் கலவை மூட்டைகள் வாங்கி, கரைத்து, கூடம் முழுக்க ஊற்றினார்கள். கொத்தனாரின் வாட்டமும் பாட்டியின் தாயக்கட்டமும் ஒரே மதியத்தில் சாம்பல் நிறக் கூழுக்குள் சமாதியடைந்தன. செலவு பலகையாரின் விலையில் பாதியை எட்டியது. பல்லக்குக்கு மட்டுமன்றிப் பாதைக்கும் செலவழிப்பதுதானே அரச மரியாதை.

கூழும் பலகையும் சேர்ந்து தரை முக்கால் அங்குலம் உயர்ந்ததால் கதவுகள் திறக்க மறுத்தன. தாத்தா பர்மா தேக்கில் போட்ட இரட்டைக் கதவுகள். ஆசாரி வந்து கீலைக் கழற்றி, ஒவ்வொரு கதவிலும் அடியில் முக்கால் அங்குலம் அறுத்தெடுத்தார். ஓக் மரத்தின் புகைப்படத்துக்கு வழிவிடுவதற்காகத் தேக்கு மரம் தன்னைக் குறைத்துக்கொண்ட அந்தப் பணிவை நேரில் காணக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். அறுத்தபோது கூடமெல்லாம் தேக்கு வாசம். அம்மா ஒரு துண்டை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் முந்தானையில் முடிந்துகொண்டாள். பலகையாருக்கும் மணம் உண்டு. புதுச் செருப்புக் கடைக்குள் நுழைந்தவர்கள் அதை அறிவார்கள்.

பதிக்கும் வித்தையோ பரம லகு. ஆணி இல்லை, பசை இல்லை. ஒருவரின் நாக்கை இன்னொருவரின் பள்ளத்தில் சாய்த்துச் செருகி, ரப்பர் சுத்தியலால் தட்டினால் ‘டக்’ என்று பூட்டிக்கொள்வார். வெயிலுக்கு விரிந்து குளிருக்குச் சுருங்குவாராம். அதனால் சுவரைத் தொடாமல் சுற்றிலும் 8 மில்லிமீட்டர் இடைவெளி. “ஃப்ளோட்டிங் சார். மிதக்கும்” என்றார் தம்பி. கேட்டதும் எனக்குக் கண் கசிந்தது. வீட்டுக்குள் இருப்பார், வீட்டோடு ஒட்டமாட்டார். துறவிகளுக்குக்கூடத் தங்கள் மடம் என்று ஒரு பற்று இருக்கும். இவருக்கு அதுவும் இல்லை. அந்த இடைவெளியையும் வீணாக்காமல் கரப்பான்களின் குடியிருப்புக்குத் தாரை வார்த்தார். முல்லைக்குப் பாரி கொடுத்தது ஒரே ஒரு தேர்தான்.

இரண்டே நாளில் கூடம் வெளிநாட்டு விளம்பரம்போல் ஆயிற்று. நடந்தால் ‘டொக் டொக்’ என்று கீழிருந்து யாரோ பதில் சொன்னார்கள். அம்மா குனிந்து குனிந்து எதையோ பார்த்துக்கொண்டே கூடத்தைச் சுற்றி வந்தாள். கண் வடிவில் ஒரு கணு. அதன் இடப்பக்கம் கண்ணீர் வழிந்ததுபோல் ஒரு வரி. எண்ணிப் பதினேழு இடத்தில் அதே கணு, அதே கண்ணீர்.

“ஏன்டா, இந்த மரத்துக்கெல்லாம் ஒரே எடத்துலதான் அடிபட்டுச்சா?” என்று கேட்டாள்.

இயற்கை ஒருமுறை செய்த ஒன்றை மறுமுறை செய்யத் தெரியாமல் தடுமாறுகிறது. அந்தக் குறையைப் பலகையார் நீக்கியிருக்கிறார் என்று அவளுக்கு விளக்கினேன்.

குடிவந்தபின் அவர் நிகழ்த்திய அற்புதங்களுக்கு வருகிறேன். தண்ணீர் புகாதவர் என்று கடைக்காரர் சொன்னது முழு உண்மை. ஒருநாள் நாங்கள் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது வாஷிங் மெஷின் குழாய் கழன்றுகொண்டது. திரும்பிவந்து பார்த்தால் பலகையாருக்குள் ஒரு சொட்டும் ஊறவில்லை. வந்த தண்ணீர் முழுவதும் ஓரத்து இடைவெளி வழியாக இறங்கி அவர் திருவடியின்கீழ் சரணடைந்திருந்தது. மேலிருந்து உள்ளே விடாத அதே வைராக்கியத்தோடு, கீழிருந்து வெளியேயும் விடவில்லை. சரணடைந்தவரைக் கைவிடுவாரா? மூன்று வாரம் நடக்கும்போதெல்லாம் ‘பொதக் பொதக்’ என்றது; ஊறவைத்து மறந்த துணியின் நறுமணம் வீட்டைச் சூழ்ந்தது. நடுவில் இருக்கும் ஒரு பலகையை எடுக்க வேண்டுமானால் சுவரோரத்திலிருந்து வரிசை வரிசையாகக் கழற்றிக்கொண்டே வர வேண்டும் என்பதால், அறுந்துபோன கூட்டுக் குடும்ப ஒற்றுமையை அவரிடமாவது காண முடிந்ததே என்று மகிழ்ந்தோம். வீட்டைக் கழுவிவிடும் பழக்கம் அத்தோடு நின்றது. பொங்கலுக்கு முன் இப்போது பிழிந்த துணியால் ஒற்றியெடுக்கிறோம், காய்ச்சல்காரர் நெற்றியை ஒற்றுவதுபோல்.

அக்னி நட்சத்திரம் தொடங்கியதும் மேற்கு ஜன்னலடியில் மூன்று பலகைகள் படமெடுத்த நாகம்போல் தலைதூக்கின. சூரியன் வரும்போது எழுந்து நிற்கும் மரியாதை. வெள்ளிக்கிழமைச் சாம்பிராணித் தட்டிலிருந்து உளுந்தளவு கங்கு ஒன்று விழ, அங்கே கரிய மச்சம் ஒன்று நிரந்தரமாயிற்று. இவ்வளவு அழகுக்குத் திருஷ்டிப்பொட்டு வேண்டாமா? வாசலில் ரப்பர் அடிவைத்த மிதியடி கிடந்த இடம் மிதியடியின் அளவுக்கே மஞ்சளாகி, எடுத்தபின்னும் மிதியடி இருப்பதுபோலவே காட்சியளிக்கிறது. ஒரு பொருளை வாங்கினால் இரண்டு பொருள்.

கோகுலாஷ்டமிக்கு அம்மா மாக்கோலத்தில் கண்ணன் பாதம் வைத்தாள். பழைய தரையில் மாவு ஊறிப் பிடித்துக்கொண்டு இரண்டு நாளுக்கு அசையாது. பலகையார் எதையும் தம்மேல் ஒட்டவிடாதவராயிற்றே! காய்ந்ததும் பாதங்கள் அப்பளம்போல் பெயர்ந்து, மின்விசிறிக் காற்றில் வந்தவழியே வாசலை நோக்கி நகர்ந்தன. வெண்ணெய் தின்ன வந்தவன் திரும்பிப் போகும் காட்சியை ஆயர்பாடியும் கண்டிராது.

இவற்றையெல்லாம் விண்ணப்பித்தால் என்ன என்று உத்தரவாதப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். இருபது ஆண்டு என்று பொன்னெழுத்தில் முகப்பு. உள்ளே பொடியெழுத்தில் விலக்குகள்: அடியிலிருந்து ஏறும் ஈரம், ஜன்னல்வழி வரும் நேர்வெயில், சூடான பொருள், ரப்பர் மிதியடி, நாய் பூனை நகம், கூரிய செருப்பு, பளு மிகுந்த பீரோ, வழக்கமான தேய்மானம். வெயிலும் ஈரமும் மனிதரும் இல்லாத வீட்டில் அவர் இருபது ஆண்டு நோய்நொடியின்றி வாழ்வார் என்று இவ்வளவு தெளிவாக எழுத்தில் தர வேறு யாருக்குத் துணிவு வரும்?

சிரஞ்சீவித்தன்மையை மட்டும் யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. கறையான் அரிக்காது, மண் தின்னாது. போகியில் போட்டாலோ ஹைட்ரஜன் குளோரைடும் டையாக்சினுமாகத் தெருவையே ஆசீர்வதிப்பார். வெட்டுச்சேதத்துக்கென்று பத்து விழுக்காடு கூடுதலாக வாங்கியதில் மிஞ்சிய இரண்டு பெட்டிகள் பரண்மேல் கிடந்தன. பழைய சாமான் வண்டிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு பலகையை எடுத்து வளைத்தார், தட்டினார், நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

“இது மரமும் இல்ல, கல்லும் இல்ல, பிளாஸ்டிக்காவும் எடுக்க மாட்டாங்க. எடுத்துட்டுப் போகணும்னா நீங்கதான் சார் காசு தரணும்.”

கிழிந்த செய்தித்தாளுக்கும் கிலோ கணக்கில் விலைபோட்டவர் அவர். விலைமதிப்பற்றது என்ற சொல்லின் பொருளை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

பூஜை அறைக்கு மட்டும் பலகையார் எழுந்தருளவில்லை. விளக்கு, கற்பூரம், எண்ணெய் என்று நெருப்புப் புழங்கும் இடம், வேண்டாம் என்று கடைக்காரரே தடுத்துவிட்டார். எட்டடிக்கு ஆறடியில் அந்தச் சிவப்புத் தரை, எண்ணெய் மினுங்கியபடி, தன் தாழ்வைக்கூட உணராமல் அப்படியே கிடக்கிறது. சென்ற மே மாதம் ஒரு மதியம் மின்சாரம் போய் இரண்டு மணி நேரம் வரவில்லை. புழுக்கத்தில் விழித்துக் கூடத்துக்கு வந்தால் ஒருவரையும் காணோம். பூஜை அறையை எட்டிப் பார்த்தேன். அம்மா தலையணையோடு ஓரமாகப் படுத்திருந்தாள். சோம்பலைக் கண்டுபிடித்த மைத்துனர் சட்டையைக் கழற்றிவிட்டுக் குப்புறக் கிடந்தார். நார்டிக் ஓக்கைத் தேர்ந்தெடுத்த என் மனைவி, சாக்பீஸால் போட்ட தாயக்கட்டத்தின் முன் பிள்ளைகளோடு உட்கார்ந்து புளியங்கொட்டை நகர்த்திக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, “உள்ள எடமில்ல, நீங்க கூடத்துல படுங்க” என்றாள்.

முந்நூறு சதுர அடியையும் பலகையார் எனக்கு ஒருவனுக்கே விட்டுவைத்திருந்தார்.